குழாய் வாயில் கட்டிய துணி

குளத்தின் வரலாற்றைப் பத்து வரிக்கு மிகாமல் எழுதித் தரும்படி அலுவலகத்தார் என்னைக் கேட்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை கேட்டபோது குளம் இருந்தது. நான் எழுதி முடிப்பதற்குள் அது போய்விட்டது. இப்போது புதுக் கரை போட்டு, மறுபடியும் தண்ணீரைத் தேக்கி, வருகிறவர்கள் படிப்பதற்கு ஓர் அறிவிப்புப் பலகையும் நடப்போகிறார்களாம். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் என்னைத் தேடி வந்தார்கள். என் கணவர் எழுதினால் கோழி கிளறியது போல இருக்கும். அவர்தான் பதினோரு வருடம் அந்தக் குளத்தின் கரைக்காவலராக இருந்தவர்.

பலகைக்கு வேண்டிய பத்து வரியை எழுதி வைத்துவிட்டேன். அதில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது தானாக உண்டான குளம் இல்லை. படம் எடுக்க வருகிறவர்கள் கரைமேல் நின்றுகொண்டு இயற்கை அழகு, இயற்கை அழகு என்று உருகுவார்கள். எனக்குச் சிரிப்பு வரும். நூற்றுப் பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு துணி ஆலை முதலாளி, ஆலைச் சக்கரம் சுற்றத் தண்ணீர் வேண்டும் என்று இரண்டு குன்றுகளுக்கு நடுவே மண்ணைக் கொட்டி ஓடையை மறித்தார். ஈரக் களிமண்ணை ஆட்களையும் மாடுகளையும் விட்டு மிதிக்க வைத்து, அதை நடுவில் சுவராக எழுப்பி, இரு பக்கமும் மண் போட்டு மூடினார்கள். முந்நூறு தப்படி நீளம், ஏழு ஆள் உயரம். தண்ணீரை மிரட்டி நிறுத்தி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆலை எப்போதோ மூடி, குளம் அரசாங்க அலுவலகத்தின் கைக்குப் போய்விட்டது. ஆலைக் கட்டடத்தில் பிற்பாடு அட்டைப்பெட்டிப் பட்டறை வந்தது. கரைக்கு நேர் கீழே, பத்து நிமிட நடையில் அந்தப் பட்டறை. அதில் பசை ஒட்டும் மேசையில் என் மகள் வேலை பார்த்தாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

மண் கரை என்றால் கசியும். கசிந்தே ஆக வேண்டும். கசிகிற தண்ணீர் ஒழுங்காக வெளியே வருவதற்குக் கரையின் அடியில் ஒரு சுட்ட மண் குழாய் பதித்திருந்தார்கள். தினமும் காலை ஆறு மணிக்குக் காவலர் அந்தத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஒரு வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது, தண்ணீர் தெளிவா, கலங்கலா என்று பதிவேட்டில் எழுதி, அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். தெளிவாக வந்தால் கரைக்கு ஒன்றுமில்லை. கலங்கலாக வந்தால், தண்ணீர் உள்ளே இருக்கும் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். ஊசி நுழையும் ஓட்டையாக ஆரம்பித்து ஆள் நுழையும் ஓட்டையாக ஆகிவிட அதற்கு அதிக நேரம் பிடிக்காது.

காவலர் வீடு கரையின் ஓரத்திலேயே இருந்தது. அந்தக் குழாய்த் தண்ணீர் எங்கள் கொல்லையில் ஒரு கல் தொட்டியில் விழும். வீட்டுக்குப் புழங்குவதும் சமைப்பதும் குடிப்பதும் எல்லாம் அதிலிருந்துதான். நாங்கள் குடிவந்த முதல் வாரமே குடத்தின் அடியில் மணல் தங்குவதைப் பார்த்தேன். வாயில் ஒரு மண் துகள் கடிபட்டால் போதும், அன்றைக்கு முழுவதும் எனக்கு எரிச்சலாக இருக்கும். பழைய பருத்திப் போர்வையைக் கிழித்து, நாலாக மடித்து, குழாய் வாயில் இறுக்கிக் கட்டினேன். தண்ணீர் கண்ணாடியாக விழுந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். தினமும் விடியும்போது பழைய துணியை அவிழ்த்து, துவைத்ததை மாற்றிக் கட்டுவது என் முதல் வேலையாயிற்று. அதற்கப்புறம்தான் அவர் எழுந்து வந்து, கொட்டாவி விட்டபடி தொட்டியில் தண்ணீரைப் பார்த்து, "தெளிவு" என்று எழுதுவார்.

இதில் என்ன தப்பு என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பதினோரு வருடம் தோன்றவில்லை.

கடைசி ஒரு வருடமாகத் துணி சீக்கிரம் அடைத்துக்கொண்டது. ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்று இருந்தது இரண்டாயிற்று. மழை பிடித்ததும் மூன்றாயிற்று. போர்வை நைந்துபோய்விட்டது என்று நினைத்து வேறு போர்வையைக் கிழித்தேன். துணி அடைத்ததால் வாளி நிரம்ப நேரம் கூடியது. அவரும் பார்த்தபடியே எழுதினார். கசிவு குறைந்து வருகிறது, காவலர் கரையை நன்றாகப் பராமரிக்கிறார் என்று அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். கரையின் கீழ்ச்சரிவில் வேறோர் இடத்தில் புல் திடீரென்று பச்சைப் பசேல் என்று வளர்ந்ததையும் பார்த்தேன். மழைக்காலம்தானே என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வரலாறு கேட்டு முதல் கடிதம் வந்தது. மதகு அறையின் பரணில் பழைய பதிவேடுகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. ஆறு நாள் விடாமல் பெய்து அன்றைக்குக் காலையில்தான் மழை கொஞ்சம் விட்டிருந்தது. குளம் தளும்பி நின்றது. மகள் வேலைக்குப் போய்விட்டாள். அவர் உபரித் தண்ணீர் போகும் வாய்க்காலில் மாட்டிக்கொண்ட மரக்கிளைகளை இழுத்துப் போடப் போனார். நான் துவைக்க வேண்டிய துணியை வாளியில் ஊறப் போட்டுவிட்டு, பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து முதல் பதிவேட்டைப் பிரித்தேன்.

முதல் காவலரின் எழுத்து சின்னச் சின்னதாக, ஒழுங்காக இருந்தது. முதல் பக்கத்தில், மஞ்சள் களிமண்ணை வெளியூரிலிருந்து வண்டியில் கொண்டுவந்து கரைக்கு நடுவில் சுவர் எழுப்பிய விவரம். இப்போது இருப்பது போல தெளிவு, கலங்கல் என்று இரண்டே வார்த்தை இல்லை. ஒரு நீளமான கண்ணாடிப் புட்டியில் குழாய் வாயிலேயே தண்ணீர் பிடித்து, ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, அடியில் எவ்வளவு வண்டல் தங்குகிறது என்று அளந்து எழுதியிருந்தார். வண்டல் இல்லை. வண்டல் இல்லை. பதினாலு வருடம் இப்படியே. பிறகு ஒரு மழைக்காலத்தில், வண்டல் நூல் அளவு. மறுநாள், வண்டல் நூல் அளவு. அதற்கு மறுநாள், விரல் அளவு, முதலாளிக்கு ஆள் அனுப்பினேன். அதற்கு அடுத்த நாள், விரல் அளவுக்கு மேல், பதில் இல்லை.

அதற்குக் கீழே பக்கம் வெறுமையாக இருந்தது. நாலு மாதம் கழித்து வேறொருவர் எழுத்தில் தொடங்கியது. கரை மறுபடி கட்டப்பட்டது, தொழிலாளர் குடியிருப்பில் இறந்தவர் பத்தொன்பது பேர், இனிமேல் புட்டிச் சோதனை ஒருநாளும் தவறக் கூடாது. அப்படித்தான் எழுதியிருந்தது.

அந்தப் புட்டியை நான் பார்த்ததே இல்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் அது உடைந்துபோயிருக்க வேண்டும். அலுவலகம் புதுப் பதிவேடு அச்சடித்தபோது அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டிருந்தது.

அட பாவமே என்று சொல்லிக்கொண்டே பக்கத்து வாளியில் கை விட்டுத் துணியை அலசினேன். மண் வந்தது. கையில் ஒட்டுகிற, வழவழப்பான மஞ்சள் களிமண். விரல் அளவு இல்லை, ஒரு கைப்பிடி. காலையிலிருந்து அது இரண்டாவது துணி.

என் கை வாளிக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு வந்த பயம் போல அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. குளத்து ஓரத்தில் எங்கேயும் மஞ்சள் களிமண் கிடையாது. அது கரைக்கு நடுவில், மாடுகள் மிதித்து எழுப்பிய சுவரில் மட்டும்தான் உண்டு. அன்றைக்குக் காலையில்தான் அதைப் பற்றிப் படித்திருந்தேன்.

குழாயில் கட்டியிருந்த மூன்றாவது துணி பந்து போல உப்பியிருந்தது. முடிச்சை அவிழ்க்க வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன். தண்ணீர் டீ நிறத்தில் பொங்கி விழுந்தது. தொட்டி ஒரு நொடியில் கலங்கியது.

அவர் கிளையை இழுத்துக்கொண்டிருந்தார். நான் ஓடி வந்த வேகத்தைப் பார்த்து யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தாராம். நான் விஷயத்தைச் சொன்னதும் நெற்றியைச் சுருக்கினார்.

"காலையிலதான பாத்தேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

"நீங்க பாத்தது குழாய்த் தண்ணி இல்லைங்க. நான் வடிகட்டின தண்ணி."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கிளையைக் கீழே போட்டார். கொல்லைக்கு வந்து தண்ணீரைப் பார்த்தார். குனிந்து கையில் ஏந்தினார். பிறகு வீட்டுக்குள் போய் அலுவலகத்துக்குப் போன் போட்டார். பொறியாளர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார் எழுத்தர். அவசரம் என்றார் இவர். இன்றைக்குக் காலையில் தெளிவு என்று நீங்களே சொன்னீர்களே, அதற்குள் என்ன அவசரம், பொறியாளர் மதியம் பேசுவார் என்று அந்த ஆள் வைத்துவிட்டார்.

"சங்கை ஊதுங்க," என்றேன்.

சங்கு என்று நாங்கள் சொல்வது அபாயச் சங்கை. கரை முடிகிற இடத்தில், பாறைமேல் ஒரு சின்ன அறையில் இருந்தது. மின்சாரம் இல்லை. கைப்பிடியைச் சுற்றினால் ஊதும், நிறுத்தினால் அடங்கிவிடும். அதற்கு ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பனி மூடிய காலையில், அலையடித்துக் கரைமேல் தெறித்த தண்ணீரைக் கரை வழிகிறது என்று எண்ணி இவர் ஊதிவிட்டார். அரை நிமிஷம்தான். பட்டறை மொத்தமும் தலைதெறிக்க ஓடியது. ஒருத்தி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பட்டறை முதலாளி மேலே புகார் எழுத, இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வேலையும் வீடும் போகும் என்று ஓலை வந்தது. அன்றிலிருந்து இவருக்குச் சங்கு என்றே பெயர். கடைத்தெருவில் இவர் தலையைக் கண்டால் யாராவது ஒருத்தர் வாயைக் குவித்து ஊதிக் காட்டாமல் இருக்க மாட்டார்கள். இவரும் சிரித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.

"இன்ஜினியர் ஒரு வார்த்தை சொல்லட்டும்," என்றார்.

"அவர் சொல்ற வரைக்கும் கரை நிக்குமா?"

பதில் சொல்லவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்தில் என்னவெல்லாமோ சொல்லியிருப்பேன், ஆனால் நின்று திட்ட நேரமில்லை. மண்ணோடு இருந்த துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பட்டறையைப் பார்த்து ஓடினேன்.

பாதை முழுவதும் கரையை ஒட்டியே இறங்கும். இடது கைப் பக்கம் அந்தப் பச்சைச் சரிவு. அன்றைக்கு அதைப் பார்த்தபோது புல்லின் நடுவே தண்ணீர் கொப்புளித்துக்கொண்டிருந்தது. அதுவும் மஞ்சள். நான் குழாயை அடைத்து அடைத்து, தண்ணீர் தனக்கு வேறு வழி பார்த்துக்கொண்டதோ என்னவோ. பிற்பாடு யாரும் இதற்குப் பதில் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பட்டறைக்குள் நாற்பத்துமூன்று பேர் இருந்தார்கள். இயந்திரச் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. சேறும் ஈரமுமாக, கையில் அழுக்குத் துணியோடு நின்றவளைப் பார்த்து மேற்பார்வையாளர் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். நான் துணியை விரித்துக் காட்டி, கரை உடையப்போகிறது, எல்லாரும் மேட்டுச் சாலைக்கு ஏறுங்கள் என்றேன். ஒருவர் வாயைக் குவித்து மெல்ல ஊதினார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

என் மகள் பசைக் கையோடு எழுந்து வந்தாள். காது மடல் வரை சிவந்திருந்தது.

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க. வீட்டுக்குப் போம்மா."

"நீ என்கூட வா. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டு."

"அப்பா அன்னைக்குப் பண்ணினதுக்கே நான் இன்னும் தலை நிமிர முடியல. இப்ப நீயுமா?"

மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. எதற்கும் கேட்டுவிடலாம் என்று அலுவலகத்துக்குப் போன் செய்து, எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். எழுத்தர் பதிவேட்டை வாசித்தார். கசிவு, தெளிவு. நேற்று, தெளிவு. முந்தாநாள், தெளிவு. போன மாதத்தைவிடக் கசிவு குறைவு. என் கணவர் எழுதியது. நான் வடிகட்டிக் கொடுத்து அவர் எழுதியது. நாற்பத்துமூன்று பேரையும் அந்த இடத்திலேயே உட்கார வைக்க அது போதுமாக இருந்தது. மகளின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உதறினாள். இவளை அடித்து இழுத்துக்கொண்டு போனால்தான் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்கான பலம் என் கையில் இல்லை. இங்கேயே இவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தேன். வருவது இரண்டு பேருக்கும் சேர்ந்து வரட்டும்.

அப்போது சங்கு ஊதியது.

முதலில் சிரிப்புதான் எழுந்தது. ஆரம்பிச்சுட்டாருய்யா என்று யாரோ சொன்னார்கள். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அரை நிமிஷம் ஆனது. சங்கு நிற்கவில்லை. ஒரு நிமிஷம் ஆனது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். வேலை போகும், வீடு போகும் என்று தெரிந்த ஒரு மனிதன் கைப்பிடியை விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறான் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. இரண்டாவது நிமிஷத்தில் என் மகள் பசைக் கையைத் துடைக்காமலே என் கையைப் பிடித்தாள்.

எல்லாரும் ஏறினோம். தள்ளுமுள்ளு இல்லை. போன தடவை கால் முறிந்தவளை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். மேட்டுச் சாலையின் வளைவில் நின்று மேற்பார்வையாளர் தலைகளை எண்ணினார். நாற்பத்துமூன்றும் நானும். சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. கீழே தள்ளி இருந்த வீடுகளிலிருந்தும் ஆட்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேடேறுவது தெரிந்தது.

கரை அப்படியே நின்றது. கால் மணி நேரம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று, புல்கூட அசையவில்லை. இன்னைக்கு உங்க வீட்டுக்காரர் தொலைஞ்சார் என்று ஒரு பெண் பரிதாபமாகச் சொன்னாள். அப்போது என் மனதில் ஓடியதை யாரிடமும் சொன்னதில்லை. உடைந்துவிடேன், உடைந்து தொலையேன் என்று வேண்டினேன். அவர் அந்தக் கரையின் முனையில் நிற்கிறார் என்பது அடுத்த மூச்சில்தான் நினைவு வந்தது.

சங்கு நின்றது.

"அப்பா," என்றாள் மகள். அவள் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. அந்த அமைதியில் நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு வரைக்கும் எண்ணினேன் என்று நினைவு. பிறகு சங்கு கீழே இறங்கின குரலில் தொடங்கி, மெல்ல ஏறி, மறுபடி பழைய சத்தத்துக்கு வந்தது. கை மாற்றியிருக்கிறார். வலது கை ஓய்ந்துபோய் இடது கைக்கு மாற்றியிருக்கிறார். நான் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வெகுநேரம் இல்லை. கரையின் மேல்விளிம்பு ஓரிடத்தில் பழைய கட்டில் போல உள்வாங்கியது. சத்தமே இல்லை. அந்தப் பள்ளத்தில் முதலில் மெல்லிசாக ஒரு நீர்க்கோடு எட்டிப் பார்த்தது. அடுத்த நிமிஷம் கரையில் பாதி இல்லை. பட்டறையின் கூரை முழுசாக மிதந்து போவதையும், எங்கள் வீடு இருந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் சுழன்றதையும் பார்த்தேன். மறுபடி கட்டிய கரை நூறு வருடமாக மிரட்டி வைத்திருந்த தண்ணீர் முக்கால் மணி நேரத்தில் போய்விட்டது. சங்கு அறை பாறைமேல் இருந்ததால் தப்பியது. நாங்கள் சுற்றுவழியாக அங்கே போனபோதும் அவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தார். மகள்தான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

ஒருவர்கூட சாகவில்லை. அதற்காக அவரை யாரும் தோளில் தூக்கவும் இல்லை. விசாரணை வைத்தார்கள். பதினோரு வருடம் தெளிவு, தெளிவு என்று எழுதியிருக்கிறாயே, கலங்கல் ஒரே நாளில் வருமா என்று கேட்டார்கள். நான் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது. என்னைக் கூப்பிடுவார்கள், சொல்லிவிட வேண்டும் என்று தொண்டையில் வைத்துக் காத்திருந்தேன்.

"எனக்குக் கண்ணு சரியில்ல சார்," என்றார் அவர். "ரொம்ப நாளாவே மங்கல். வீட்ல இருக்கறவங்களுக்குக்கூடத் தெரியாது. வேலை போயிடும்னு மறைச்சிட்டேன்."

என்னை யாரும் கூப்பிடவில்லை. வேலையை விட்டு அனுப்பினார்கள். அப்போது குடியிருந்த வாடகை வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் அழுதபோது, நீ துணி கட்டினதை நான் தினமும் பாத்துக்கிட்டுதானே இருந்தேன் என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டார். வெறும் கண்ணாடி, பவர் கிடையாது. வெளியே கிளம்பும்போது மாட்டிக்கொள்வார், வீட்டுக்குள் வந்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். ஊசியில் நூல் கோக்க எனக்குத்தான் கண் தெரிவதில்லை, இன்றைக்கும் அவர்தான் கோத்துத் தருகிறார். மகளும் அவருக்குப் பார்வை மங்கல் என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள். தெருவைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

பலகையில் என்ன வர வேண்டும் என்று அலுவலகத்தார் குறிப்பு அனுப்பியிருக்கிறார்கள். ஒன்பதாவது வரி இப்படி: காவலரின் பார்வைக் கோளாறால் கசிவின் கலங்கல் உரிய காலத்தில் கவனிக்கப்படவில்லை. என் அழகான கையெழுத்தில் அதையும் அப்படியே எழுதினேன். பத்தாவது வரியில் புதுக் கரையின் நீளமும் உயரமும்.

தாளை மடித்து உறையில் போட்டேன். திரும்ப எடுத்தேன். அவர் உள்ளே தூங்குகிறார், கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. பத்து வரிக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். போனால் போகிறது. பதினோராவது வரியை எழுதிக் கீழே என் கையெழுத்தையும் போட்டுவிட்டேன். குழாய் வாயில் துணி கட்டியது நான், அவர் கண்ணுக்கு ஒன்றுமில்லை.